வாசகர் கேள்வி–பதில்: கைனேஸைக் காட்டும் எதிர்பொருளை எப்போது நம்பலாம்?

செல்களின் சமிக்ஞைப் பாதைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன: புரத கைனேஸ்களை ஆய்வுக்கூட மாதிரிகளில் கண்டறியப் பயன்படும் எதிர்பொருள்கள், அதாவது ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் ‘ஆன்டிபாடி’ என்று சொல்லப்படுபவை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கி, ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கைனேஸ் என்பது ஒரு நொதி என்று படித்திருக்கிறேன். நொதி என்றால் அதன் செயலையே நேரடியாக அளந்துவிடலாமே, இடையில் எதிர்பொருள் எதற்கு? (இளநிலை உயிர்வேதியியல் மாணவர்)

பதில்: அளக்கலாம், தொடக்கத்தில் அப்படித்தான் அளந்தார்கள். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தில் உள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின்மேல் ஏற்றி வைப்பதே புரத கைனேஸின் வேலை. தசையிலுள்ள பாஸ்பரிலேஸ் நொதி இப்படிப் பாஸ்பேட் ஏறும்போது செயல் பெறுவதையும், அது நீங்கும்போது செயல் அடங்குவதையும் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950-களில் கண்டறிந்தார்கள். அதற்காக 1992-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொண்டு, எவ்வளவு பாஸ்பேட் ஏறியது என்று எண்ணிப் பார்ப்பதே பல ஆண்டுகள் வழக்கமான முறையாக இருந்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், செல்லுக்குள் கைனேஸ் ஒன்று மட்டும் இல்லை. மனித மரபணுத் தொகுதியை முழுமையாக ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட பட்டியலில் 518 புரத கைனேஸ்கள் இடம்பெற்றன. செல்லை உடைத்து எடுத்த சாற்றில் பாஸ்பேட் ஏறினால், ஏற்றியது இந்த 518-இல் எது என்பதை அந்த அளவீடு தனியாகச் சொல்லாது. கலவையிலிருந்து ஒன்றை மட்டும் இனம்கண்டு காட்டும் கருவி தேவைப்பட்டது. எதிர்பொருள் அந்த இடத்தில்தான் வருகிறது. அது ஒட்டும் சிறு பகுதிக்கு எபிடோப் என்று பெயர். அந்தப் பகுதி கைனேஸின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதிலிருந்தே தொடங்குகிறது.

டைரோசினில் பாஸ்பேட் ஏறுகிறது என்பது 1979-இல் டோனி ஹன்டரின் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியவந்தது. அமினோ அமிலங்களை மின்புலத்தில் ஓடவிட்டுப் பிரிக்க அவர் பயன்படுத்திய பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) பழையதாகி, பிஎச் மதிப்பு 1.9-இலிருந்து 1.7-ஆக இறங்கியிருந்ததால், அதுவரை பாஸ்போதிரியோனினோடு ஒன்றாகவே ஓடிய பாஸ்போடைரோசின் அன்று தனிப்புள்ளியாகப் பிரிந்து நின்றது. இரண்டே ஆண்டுகளில், 1981-இல், பாஸ்போடைரோசினைப் பிடிக்கும் எதிர்பொருளும் வெளிவந்துவிட்டது. அறிவியலில் நான் மிகவும் நேசிக்கும் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. எதிர்பாராத புள்ளியைப் பிழை என்று தள்ளிவிடாமல் நின்று பார்த்ததால் ஒரு துறையே திறந்தது.

கேள்வி: என் ஆய்வு ஏகேடி என்ற கைனேஸைப் பற்றியது. விற்பனைப் பட்டியலில் ‘மொத்த ஏகேடி’, ‘பாஸ்போ ஏகேடி செரின் 473’, ‘பாஸ்போ ஏகேடி திரியோனின் 308’, ‘ஏகேடி1 மட்டும்’ என்று நான்கு வகை இருக்கின்றன. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? (முனைவர் பட்ட மாணவி)

பதில்: ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் ஆய்வு பாதியில் நின்றுவிடும் என்பதால், வேறு ஏதேனும் ஒரு செலவைத் தள்ளிப்போட்டாவது இரண்டு வாங்குங்கள் என்றே சொல்வேன்: பாஸ்பேட் ஏறிய வடிவத்தைக் காட்டுவது ஒன்று, பாஸ்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்தப் புரதத்தையும் காட்டுவது மற்றொன்று.

காரணம் எளியது. ஏகேடி1 என்பது 480 அமினோ அமிலங்களால் ஆன புரதம். அதன் நடுப்பகுதியில் 308-ஆவது இடத்திலுள்ள திரியோனினில் பிடிகே1 என்ற கைனேஸ் பாஸ்பேட் ஏற்றுகிறது. வால்பகுதியில் 473-ஆவது இடத்திலுள்ள செரினில் எம்டார்சி2 என்ற புரதக் கூட்டு ஏற்றுகிறது. இரண்டும் ஏறினால்தான் ஏகேடி முழு வேகத்தில் செயல்படும். செல் சாற்றிலுள்ள புரதங்களை ஜெல்லில் எடைப்படி பிரித்து, சவ்வுத்தாளுக்கு மாற்றி, எதிர்பொருளால் தேடும் முறைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர்; எதிர்பொருள் ஒட்டிய இடம் அதில் ஒரு கறுத்த பட்டையாகத் தெரியும். உங்கள் மருந்தைக் கொடுத்த செல்லில் செரின் 473 பட்டை இரண்டு மடங்கு கறுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்த ஏகேடியில் கூடுதலான பகுதிக்குப் பாஸ்பேட் ஏறியிருக்கலாம், அல்லது ஏகேடி புரதமே இரண்டு மடங்கு உற்பத்தியாகிப் பாஸ்பேட் ஏறிய விகிதம் மாறாமலே இருந்திருக்கலாம். உயிரியலில் இவை முற்றிலும் வேறு வேறு நிகழ்வுகள். மொத்த ஏகேடியின் பட்டையைப் பக்கத்தில் வைக்காமல் இவற்றைப் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏகேடி மூன்று வடிவங்களில் இருக்கிறது. ஏகேடி1-இல் செரின் 473 ஆக இருப்பது ஏகேடி2-இல் 474, ஏகேடி3-இல் 472. சுற்றியுள்ள அமினோ அமில வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ‘செரின் 473’ என்று பெயரிட்டு விற்கும் எதிர்பொருள்கள் பெரும்பாலும் மூன்றையும் சேர்த்தே காட்டும். உங்கள் கேள்வி மூன்றில் ஒன்றைப் பற்றியது என்றால் அந்த ஒன்றுக்கே உரிய எதிர்பொருளைத் தேடத்தான் வேண்டும்.

பாஸ்பேட் ஏறியிருந்தால் கைனேஸ் வேலை செய்கிறது என்று பொதுவாக எழுதிவிடுகிறோம். ஏகேடியில் அது எப்போதும் உண்மையன்று. ஏடிபி அமரும் குழியிலேயே போய் அமர்ந்து ஏகேடியைத் தடுக்கும் சில மருந்துகளைக் கொடுத்தால், செயல் அடங்கிய நிலையிலும் 308, 473 இரண்டு இடங்களிலும் பாஸ்பேட் முன்னைவிட அதிகமாக ஏறி நிற்கும். பட்டையை மட்டும் பார்ப்பவர் மருந்து கைனேஸைத் தூண்டிவிட்டது என்று நேர்மாறாக எழுதிவிடுவார். ஏகேடி அடுத்ததாகப் பாஸ்பேட் ஏற்றும் பிராஸ்40 அல்லது ஜிஎஸ்கே3 புரதத்தையும் பார்த்துவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஏகேடியின் எடையைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 56 கிலோடால்டன் வருகிறது, என் பட்டையோ 60-இல் நிற்கிறது. எதிர்பொருள் தவறா?

பதில்: அதனால் மட்டும் தவறு என்று சொல்ல முடியாது. ஏகேடி ஜெல்லில் 60 அருகே நிற்பது வழக்கம்தான். லெம்லி 1970-இல் வகுத்த ஜெல் முறையில் மடிப்பை அவிழ்க்கும் சோப்புப் பொருளான எஸ்டிஎஸ்ஸைப் புரதம் எவ்வளவு பற்றிக்கொள்கிறது, எந்த அளவுக்கு விரிந்து ஓடுகிறது என்பதைப் பொறுத்தே அதன் வேகம் அமைகிறது. அளவுகோலாக அருகில் ஓடும் புரதங்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் தோராயம் அது. ஒரு பாஸ்பேட்டின் எடை 80 டால்டன் மட்டுமே என்பதால், அது ஏறியதால் மட்டும் பட்டை மேலே போனது என்ற விளக்கமும் பெரும்பாலான சமயங்களில் பொருந்தாது. சில புரதங்களில் பாஸ்பேட் ஏறினால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும்படி தாமதப்படுவது உண்டு என்றாலும் அதற்குக் காரணம் எடை அன்று. அளவு பொருந்தாததால் எதிர்பொருளை ஒதுக்கிவிட முடியாது. அதேபோல அளவு பொருந்துகிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ளவும் முடியாது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: நிறுவனத்தின் விளக்கத்தாளில் அழகான ஒற்றைப் பட்டையின் படம் இருக்கிறது. எனக்கும் அதே இடத்தில் ஒரே பட்டைதான் வருகிறது. இதற்குமேலும் எதிர்பொருளைச் சோதிக்க வேண்டுமா? (ஆய்வு உதவியாளர்)

பதில்: வேண்டும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, அதற்குக் காரணமும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், ஏகேடி அல்லாத வேறொரு கைனேஸுக்காக முயலில் தயாரித்த ஓர் எதிர்பொருளை நான் பயன்படுத்திவந்தேன். எதிர்பார்த்த அளவில் ஒரே ஒரு பட்டை. மேலும் கீழும் ஒரு கறைகூட இருக்காது. ஏழு மாத வேலை அதன்மேல் நின்றது. அந்தக் கைனேஸின் மரபணுவையே நீக்கிய செல்களை நண்பர் ஒருவர் வேறொரு தேவைக்காக வளர்த்திருந்தார். அவற்றில் கொஞ்சம் வாங்கி, சாறெடுத்து, என் மாதிரிகளோடு மூன்றாவது குழியில் இட்டு ஓட்டினேன். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் ஃபிலிமை டெவலப்பரில் போட்டு அசைத்துக்கொண்டிருந்தபோது முதல் பட்டை தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது, பிறகு வெறுமையாக இருக்க வேண்டிய மூன்றாவது இடத்திலும் அதே உயரத்தில், அதே கறுப்பில், ஒரு பட்டை மெல்ல எழுந்து நின்றது. என் எதிர்பொருள் அத்தனை நாளும் காட்டிக்கொண்டிருந்தது அதே எடையுள்ள வேறு ஏதோ ஒரு புரதத்தை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அன்று. ஒவ்வொரு புரதத்துக்கும் மரபணு நீக்கிய செல்லை இயல்பான செல்லின் பக்கத்தில் வைத்து, 65 புரதங்களுக்கான 614 வணிக எதிர்பொருள்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. பயன்பாட்டைப் பொறுத்து, அந்தப் புரதங்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரையிலானவற்றுக்கே நன்றாக வேலை செய்யும் எதிர்பொருள் ஒன்றாவது கிடைத்தது. சோதனையில் தேறாதவற்றுள் நூற்றுக்கணக்கானவை ஏற்கனவே வெளியான கட்டுரைகளில் பயன்பட்டிருந்தன. தேறாதவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை விற்ற நிறுவனங்களே மறுபரிசீலனை செய்து, பலவற்றின் பயன்பாட்டுப் பரிந்துரையை மாற்றியதும் சிலவற்றைச் சந்தையிலிருந்து விலக்கியதும் மனத்துக்கு ஆறுதல் தரும் செய்தி.

ஆகவே முதன்மையான சோதனை, அந்தப் புரதமே இல்லாத செல். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறை வந்தபின் இது முன்போல் எட்டாத காரியமாக இல்லை. பல கைனேஸ்களுக்கு மரபணு நீக்கிய செல்வரிசைகளும், ஜெல்லில் நேரடியாக இடக்கூடிய அவற்றின் சாறும் விலைக்கே கிடைக்கின்றன. சில கைனேஸ்கள் இல்லாமல் செல் பிழைக்காது. அங்கே சிறு ஆர்என்ஏ கொண்டு உற்பத்தியைக் குறைத்துப் பார்க்க வேண்டும், தூது ஆர்என்ஏ எந்த அளவு குறைந்தது என்பதைத் தனியாக அளந்து, பட்டையும் அதற்கேற்ப மங்குகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஏகேடியைப் போல உடன்பிறப்பு வடிவங்கள் உள்ள கைனேஸில், ஒன்றை மட்டும் நீக்கிவிட்டுப் பட்டை மறையவில்லையே என்று எதிர்பொருளைக் குறை சொல்லக் கூடாது; மற்ற இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன. 2016-இல் பன்னாட்டுப் பணிக்குழு ஒன்று எதிர்பொருளைச் சரிபார்க்க ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது. மேலே சொன்ன மரபணு வழி அவற்றுள் ஒன்று. வேறோர் எபிடோப்பைப் பிடிக்கும் இரண்டாவது எதிர்பொருளோடு ஒப்பிடுவது, எதிர்பொருளே வேண்டாத முறையால் அளந்து ஒப்பிடுவது, அடையாளத்துண்டு சேர்த்த புரதத்தைச் செல்லில் உண்டாக்கிப் பார்ப்பது, எதிர்பொருள் பிடித்து இழுத்ததை நிறைமாலை அளவியால் இனம்காண்பது ஆகியவை மற்றவை. ஐந்தையும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் பயன்பாட்டுக்குப் பொருந்தும் ஒன்றையாவது உங்கள் கையால், உங்கள் மாதிரியில் செய்துவிடுங்கள்.

பாஸ்போ எதிர்பொருளுக்கு இன்னொரு படி உண்டு. புரதம் சரியானதுதான் என்று தெரிந்த பிறகும், பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும்தான் அது பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாம்டா பாஸ்படேஸ் என்ற நொதியால் சாற்றிலுள்ள பாஸ்பேட்டுகளை நீக்கிவிட்டு ஓட்டினால் பட்டை மறைய வேண்டும். அந்த நொதிக்கு மாங்கனீசு தேவை என்பதால், அந்தச் சாற்றில், உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏவும் பாஸ்படேஸ் தடுப்பான்களும் இல்லாதபடி தனியாகத் தயாரித்துக்கொள்ளுங்கள். பட்டை மறைந்தால், எதிர்பொருள் பாஸ்பேட்டைச் சார்ந்தது என்று மட்டுமே தெரியும். எந்த இடத்துப் பாஸ்பேட் என்பதை அறிய, அந்தச் செரினை அலனினாக மாற்றிய புரதத்தைச் செல்லில் உண்டாக்கிப் பார்ப்பதே நேர்வழி.

கேள்வி: சென்ற மாதம் செரின் 473 பட்டை தெளிவாக வந்தது. அதே குப்பி, அதே செல், அதே நீர்ப்பு. இப்போது ஒன்றுமே வரவில்லை. மொத்த ஏகேடி மட்டும் நன்றாக வருகிறது. எதிர்பொருள் கெட்டுவிட்டதா?

பதில்: எதிர்பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் மாதிரியைச் சந்தேகியுங்கள். மொத்த ஏகேடி நன்றாக வருகிறது என்ற உங்கள் வரியே, புரதம் பத்திரமாக இருக்கிறது, பாஸ்பேட் மட்டும்தான் போய்விட்டது என்று சொல்கிறது.

பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ்கள் இருப்பதுபோலவே இறக்கும் பாஸ்படேஸ்களும் செல்லில் நிறைந்திருக்கின்றன. செல் உயிரோடு இருக்கும்வரை இரண்டுக்கும் இடையே ஒரு சமநிலை இருக்கிறது. செல்லை உடைத்ததும் ஏடிபி நீர்த்துப்போய் ஏற்றும் வேலை நின்றுவிடுகிறது, இறக்கும் வேலை மட்டும் தொடர்கிறது. தட்டிலிருந்த வளர்ப்பு ஊடகத்தை ஊற்றிவிட்டு, குளிர்ந்த உப்புக்கரைசலால் கழுவி, தடுப்பான் கலந்த பஃபரை விடும்வரை ஆகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இங்கே பொருள் உண்டு. பத்துத் தட்டுகளையும் ஒரே நேரத்தில் மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுரண்டுபவரின் பத்தாவது தட்டில் பட்டை மங்கியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பனிக்கட்டிமேல் வைத்து, இரண்டிரண்டாக எடுத்து முடியுங்கள்.

அடுத்து, தடுப்பான்கள். சோடியம் ஃபுளோரைடும் பீட்டா கிளிசரோபாஸ்பேட்டும் செரின், திரியோனின் பாஸ்படேஸ்களைத் தடுப்பதற்கு. சோடியம் ஆர்த்தோவனடேட் டைரோசின் பாஸ்படேஸ்களைத் தடுப்பதற்கு. வனடேட்டைக் கரைத்ததும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. பிஎச் 10-க்குக் கொண்டுவந்தால் வரும் மஞ்சள் நிறம், கொதிக்க வைத்ததும் மறைந்து கரைசல் நிறமற்றதாகும், ஆறியதும் மறுபடி பிஎச் பார்த்து, நிறம் திரும்பாத நிலை வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். ஈடிடிஏ அதைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் இரண்டையும் ஒரே பஃபரில் சேர்ப்பதைத் தவிருங்கள். புரதம் சிதையாமல் காக்கும் பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் விரைவில் அழிந்துவிடும். நேற்றுக் கலந்த பஃபரில் இன்று அது பெயருக்குத்தான் இருக்கும். செல்களையும் கேளுங்கள்: சென்ற மாதம் சீரம் உள்ள ஊடகத்திலிருந்து எடுத்தீர்களா, இம்முறை இரவெல்லாம் சீரம் இல்லாமல் வைத்திருந்தீர்களா? சீரம் இல்லாத செல்லில் ஏகேடியின் பாஸ்பேட் இறங்கிவிடுவதே இயல்பு. இன்சுலின் கொடுத்தால் சில நிமிடங்களில் திரும்ப ஏறும்.

இவ்வளவும் சரியென்றால் மட்டும் எதிர்பொருளுக்கு வாருங்கள். பிடென் என்ற தடைப் புரதம் இல்லாத எல்என்கேப், பிசி-3 போன்ற செல்வரிசைகளில் ஏகேடிக்கு எப்போதும் பாஸ்பேட் ஏறியே இருக்கும்; அவற்றின் சாற்றை ஒரு குழியில் இடுங்கள். அதே செல்லுக்கு, ஏகேடியில் பாஸ்பேட் ஏறுவதைத் தடுக்கும் வோர்ட்மானின் அல்லது எல்ஒய்294002 மருந்தைக் கொடுத்து எடுத்த சாற்றை அடுத்த குழியில் இடுங்கள். முதலாவதில் பட்டை வந்து இரண்டாவதில் மறைந்தால் உங்கள் குப்பி நலமாகவே இருக்கிறது.

கேள்வி: எதிர்பொருள் கண்ட இடத்தில் ஒட்டாதபடி சவ்வுத்தாளின் வெற்றிடங்களை மூடிவைக்கப் பால்பொடியா, மாட்டுச் சீரம் அல்புமினா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

பதில்: பாஸ்போ எதிர்பொருள் என்றால் நான் அல்புமின் கட்சி. பாலிலுள்ள கேசீன் தானே பாஸ்பேட் ஏறிய புரதம். பின்னணி மங்கலாகக் கறுக்க அது காரணமாகலாம். ஆனாலும் சில எதிர்பொருள்கள் பாலில் தெளிவாகவும் அல்புமினில் கறையாகவும் வருவது உண்டு, ஆகவே விளக்கத்தாளில் சொன்னதில் தொடங்கி, ஒரே ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்துவிடுங்கள். கழுவுவதற்கும் பாஸ்பேட் உப்பு பஃபரைவிட டிரிஸ் பஃபரே வழக்கம்.

கேள்வி: பாலிகுளோனல், மோனோகுளோனல், ரீகாம்பினன்ட் இவற்றில் கைனேஸுக்கு எது நல்லது?

பதில்: கிடைக்குமானால் ரீகாம்பினன்ட். விலங்கின் சீரத்திலிருந்து எடுக்கும் பாலிகுளோனல் என்பது பல எதிர்பொருள்களின் கலவை. அந்த விலங்கின் சீரம் தீர்ந்துவிட்டால் அதே கலவை மறுபடி கிடைக்காது, அடுத்த தொகுதி வேறொரு பொருள் என்றே கொள்ள வேண்டும். ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் 1975-இல், எதிர்பொருள் சுரக்கும் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்து ஓயாமல் ஒரே எதிர்பொருளை, அதாவது மோனோகுளோனலை, தரும் கலப்புச்செல்லை உருவாக்கியபோது அந்தக் குறை பெருமளவு நீங்கியது. 1984-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் கலப்புச்செல்லும் உயிருள்ள பொருள்தான். மரபணுக்களை இழக்கலாம், வேறு சங்கிலிகளையும் சேர்த்துச் சுரக்கலாம். எதிர்பொருளின் மரபணு வரிசையையே படித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு முறையும் தயாரிப்பதே ரீகாம்பினன்ட். மேலே சொன்ன 2023 ஆய்விலும் சராசரியாக இவையே மற்ற இரு வகைகளையும் விஞ்சின. சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். குறிப்பிட்ட ஒரு கைனேஸுக்கு நல்ல பாலிகுளோனலும் மோசமான ரீகாம்பினன்ட்டும் இருக்கலாம்.

கேள்வி: எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு புரதம் இட்டிருக்கிறேன் என்று காட்ட, ஈஆர்கே கைனேஸின் பட்டைக்கு ஒப்பீடாக பீட்டா ஆக்டின் என்ற புரதத்தை வைத்தேன். கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் மறுத்துவிட்டார். ஏன்?

பதில்: ஈஆர்கே1 44 கிலோடால்டனிலும் ஈஆர்கே2 42 கிலோடால்டனிலும் நிற்கின்றன, ஆக்டினும் ஏறக்குறைய 42-இல்தான் நிற்கிறது. அதே தாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் எது எதன் பட்டை என்று பிரிக்க முடியாது. எடையில் தள்ளி நிற்கும் ஒன்றை, 37 அருகே வரும் ஜிஏபிடிஎச் போன்றதை, வைத்துக்கொள்ளலாம். தாளிலுள்ள மொத்தப் புரதத்தையும் சாயமிட்டு அளப்பது இன்னும் நல்லது.

கேள்வி: வெஸ்டர்ன் பிளாட்டில் மிக நன்றாக வேலை செய்யும் என் பாஸ்போ எதிர்பொருள், திசுச் சீவலில் எல்லா இடத்தையும் பழுப்பாக்கிவிடுகிறது. ஒரே எதிர்பொருள் இரண்டு விதமாக நடந்துகொள்ளுமா? (நோயியல் துறை முதுநிலை மாணவர்)

பதில்: நடந்துகொள்ளும். வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் எஸ்டிஎஸ்ஸால் மடிப்பு அவிழ்ந்து நீளமாகக் கிடக்கிறது, அத்துடன் எடைப்படி பிரிந்தும் இருக்கிறது. எதிர்பொருள் வேறு இரண்டு புரதங்களில் ஒட்டினாலும் அவை தனித்தனிப் பட்டைகளாக நின்று தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். திசுச் சீவலில் ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறது, மெழுகு ஏறி இறங்கியிருக்கிறது, எபிடோப் மறைந்தோ உருமாறியோ இருக்கலாம். தவறாக ஒட்டியதும் சரியாக ஒட்டியதும் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். ஆகவே ஒரு பயன்பாட்டில் தேறியது மற்றொன்றுக்குச் சான்று ஆகாது. திசுவுக்கு என்று தனியாகச் சோதிக்க வேண்டும். மரபணு நீக்கிய செல்லையும் இயல்பான செல்லையும் உருண்டையாக்கி, உங்கள் திசுவைப் போலவே ஃபார்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, சீவல் எடுத்து, பக்கத்தில் வைத்துச் சாயமேற்றுவது இதற்குச் சிறந்த வழி.

திசு உடலிலிருந்து வெட்டி எடுத்தது முதல் ஃபார்மலினில் விழுந்ததுவரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் எழுதிவையுங்கள். அந்த இடைவெளியில் பாஸ்பேட் இறங்கிக்கொண்டேயிருக்கும். ஃபார்மலினும் ஓரத்திலிருந்து உள்ளே மெல்லத்தான் ஊடுருவும். ஓரம் மட்டும் சாயமேறி நடுப்பகுதி வெளுத்திருக்கும் சீவல்களில், கட்டியின் இயல்பைவிட இந்தத் தாமதமே பல நேரம் தெரிகிறது.

கேள்வி: குப்பியை எப்படி வைப்பது?

பதில்: பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்து வருவது கழித்தல் 20 பாகையிலும் உறையாது, அதைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. கிளிசரால் இல்லாமல் வருவதைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வைத்து, ஒரு பங்கை ஒரு முறைக்கு மேல் உருக்காமல் பாருங்கள். நீர்த்த எதிர்பொருளைத் திரும்பப் பயன்படுத்த சோடியம் அசைடு சேர்ப்பவர்கள், பட்டையைக் கண்ணுக்குக் காட்ட இரண்டாம் எதிர்பொருளோடு இணைத்திருக்கும் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ் என்ற நொதியை அது செயலிழக்கச் செய்யும் என்பதை நினைவில் வைத்து, இரண்டாம் எதிர்பொருளில் அதைச் சேர்க்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: என் சகோதரிக்குப் புற்றுநோய். அவருடைய திசுவில் கைனேஸ் செயல்படுகிறதா என்று நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்திலேயே பார்த்துச் சொல்லிவிடலாமா?

பதில்: உங்கள் மனநிலை புரிகிறது, இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன். ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று குப்பியில் அச்சிட்டிருப்பதற்கு, இதன் விடையை வைத்து ஒரு மனிதருக்கு மருந்து கொடுக்கவோ மறுக்கவோ கூடாது என்று பொருள். எந்த அளவுக்கு மேல் இருந்தால் நேர்மறை, எத்தனை பேரில் அது தவறும் என்பதெல்லாம் நோயறிதலுக்கென அங்கீகரித்த சோதனைகளில் முன்பே வரையறுத்திருப்பார்கள். உங்கள் குப்பிக்கு அவை எதுவும் இல்லை. சிகிச்சை தரும் மருத்துவரிடம், இந்தக் கட்டிக்கு எந்தக் கைனேஸ் அல்லது மரபணுச் சோதனை அங்கீகாரம் பெற்றிருக்கிறது என்று நேரடியாகக் கேளுங்கள். உங்கள் படிப்பு அந்த உரையாடலில் அவருக்கு மிகவும் துணையாக இருக்கும்.

கேள்வி: கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எதிர்பொருளைப் பற்றி எவ்வளவு எழுத வேண்டும்? ‘ஏகேடி எதிர்பொருள் பயன்படுத்தப்பட்டது’ என்பது போதாதா?

பதில்: போதாது. அதே நிறுவனத்திடமே ஏகேடிக்குப் பல எதிர்பொருள்கள் இருக்கும்போது, அந்த வரியைப் படித்து எவராலும் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. நிறுவனம், பட்டியல் எண், தொகுதி எண், குளோனின் பெயர், எந்த விலங்கு, எந்த நீர்ப்பு, எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலை என்பவற்றோடு, ஒவ்வோர் எதிர்பொருளுக்கும் வழங்கப்படும் ஆர்ஆர்ஐடி என்ற அடையாள எண்ணையும் குறிப்பிடுங்கள். நிறுவனம் பெயர் மாறினாலும் பட்டியல் எண் மாறினாலும் அந்த எண்ணைக் கொண்டு பொருளைத் தேடிவிடலாம். நீங்கள் செய்த சரிபார்ப்புச் சோதனையின் படத்தை, மரபணு நீக்கிய செல்லின் குழியும் அளவுகோலும் தெரியும்படி, வெட்டாத முழுத் தாளாகவே இணைப்பில் கொடுங்கள். தொகுதி எண்ணை மட்டும் குப்பி தீர்வதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை எழுத உட்காரும்போது அந்தக் குப்பி பெரும்பாலும் குப்பைக்குப் போயிருக்கும்.